தூரம் சரி, பக்கம் பிழை

ரீச்சர் என்று அவரை முதலில் கூப்பிட்டவன் நான்தான். மரியாதையில் அல்ல, நக்கலில். வேலைக்கு வந்த மூன்றாம் நாளே என் கணக்கில் பிழை பிடித்தார். "ஓம் ரீச்சர், சொல்லுங்கோ ரீச்சர்" என்றேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு மாதத்தில் முதலாளியும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். அவருடைய விசா இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகாமல் கிடப்பதற்கு நானும் ஒரு காரணம்.

எங்கள் பட்டறை மெல்பேர்னின் கிழக்கில், நானும் ரீச்சரும் குடியிருந்த ரோவிலிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில் இருந்தது. பம்புகளுக்கும் பெரிய குழாய்களுக்கும் இரும்புத் தட்டு வெட்டித் துளை போட்டுக் கொடுக்கிற இடம். புது மிசின்கள் இரண்டு இருந்தன. அவை கொம்பியூட்டர் சொன்னபடி ஓடும். ஒன்றிரண்டு தட்டு மட்டும் செய்யவேண்டிய வேலையெல்லாம் என்னுடைய பழைய மிசினுக்கு வரும். ரீச்சர் எனக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து, துளைகளின் கூர் விளிம்புகளை அரத்தால் எடுப்பார். இலங்கையின் வடக்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், பல்கலைக்கழகத்துக்குப் படிக்கிற ஏ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். படகில் வந்தவர். அரம் பிடித்துப் பழக்கமில்லாமல் முதல் கிழமை விரலெல்லாம் பிளாஸ்ரர்.

அந்த மூன்றாம் நாள் வந்தது பெரிய தட்டு. பழைய மிசினின் மேசை அவ்வளவு தூரம் ஓடாது. அதனால் தட்டைச் சுழல்மேசையில் பூட்டி, அதன் நடுவை மையமாகப் பிடித்து, துளை மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பாகை திருப்பவேண்டும் என்று பார்த்துத்தான் துளைக்கவேண்டும். வரைபடத்தில் அப்படிப் போட்டிருக்கமாட்டார்கள். இடம் வலம் இவ்வளவு, மேல் கீழ் இவ்வளவு என்று இரண்டு எண்தான் இருக்கும். அதை நாங்கள் தூரமும் கோணமுமாக மாற்றவேண்டும். அன்றைக்கு வந்த துளை இடப்பக்கம் 240 மில்லிமீற்றர், கீழே 180. இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி.

கல்குலேற்றரில் தட்டினேன். தூரம் 300. கோணம் 36 பாகை 52 கலை; அறுபது கலை ஒரு பாகை. மேசையைத் திருப்பிப் பூட்டிவிட்டு மிசினைப் போடப்போனேன். பின்னாலிருந்து ரீச்சர் எழும்பி வந்தார்.

"தம்பி, அந்தத் துளை எங்கை வரோணும்? தாளிலை காட்டும்."

காட்டினேன். கீழே, இடப்பக்கம்.

"இப்ப மிசினிலை காட்டும்."

துளைக்கோல் தட்டின் மேல் வலப்பக்கத்துக்கு நேரே நின்றது.

"தூரம் சரி. பக்கம் பிழை" என்றார்.

என் தாளின் மூலையில் ஒரு சிலுவைக்கோடு கீறினார். நாலு கட்டம். கீழ் இடது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். "ரெண்டு கழித்தலை வகுத்தா விடை கூட்டல்தானே. மேலை வலப்பக்கம் நிக்கிற ஆளுக்கும் கீழை இடப்பக்கம் நிக்கிற ஆளுக்கும் இந்தக் கல்குலேற்றர் ஒரே கோணத்தைத்தான் சொல்லும். ஆள் எங்கை நிக்கிறார் எண்டு அதுக்குத் தெரியாது. நீர்தான் பார்க்கோணும். நூற்றெண்பதைக் கூட்டும்."

216 பாகை 52 கலை. துளைத்திருந்தால் தட்டு பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். நான் நன்றி சொல்லவில்லை. ஓம் ரீச்சர் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பக்கத்து மிசினில் நின்ற செல்வம் மதுரைக்காரன். அவன் வந்து கேட்டான்: "யாருப்பா இந்தம்மா? முன்னாடி என்ன வேலை?"

"கணக்கு ரீச்சர்."

"அதான பார்த்தேன். முட்டி போடச் சொல்லாம விட்டாங்களே, சந்தோஷப்படு."

இப்போது இதைப் படிப்பவர்கள் பட்டறையில் எல்லோரும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம் என்று நினைக்கக்கூடாது. எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. செல்வம் செய்த இருபது தட்டுகளை ஒருநாள் அளந்து பார்த்து, ஒரு துளை பக்கம் மாறி இருக்கிறது என்று நேரே முதலாளியிடம் கொண்டுபோனார். செல்வத்திடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பிழை எண்டா பிழைதானே, அதுக்கு ஏன் ஒளிப்பு?" என்று என்னிடமே கேட்டார். செல்வம் இரண்டு கிழமை அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எதற்கும் அந்தச் சிலுவைக்கோடுதான். பேப்பர் துவாயில் கீறுவார், சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் கீறுவார். குளிர்காலத்தில் என் யூட் வண்டியின் கண்ணாடியில் பனிப்புகார் படிந்தால் அதிலும் விரலால் கீறுவார். காலையும் மாலையும் நான்தான் அவரை ஏற்றி இறக்கினேன். வீதியைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார். "இப்ப வீட்டிலிருந்து எந்தப் பக்கம் நிக்கிறம்?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். கண்ணாடியில் புள்ளி வைத்துத் திருத்துவார்.

ரோவிலில் ஒரு பிறந்தநாள் விழா. அங்கே ஓர் அங்கிள், கையில் கிளாசோடு, அவருக்கு ஆறுதல் சொன்னார். "இனி என்ன பிள்ளை பயம்? எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளி வந்திட்டீர்."

"தூரம் சரி அங்கிள்" என்றார் ரீச்சர்.

அவ்வளவுதான். அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அவருடைய விசா விண்ணப்பத்துக்கு ஓர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. ஏன் ஊரை விட்டு வந்தீர்கள், திரும்பிப் போனால் என்ன நடக்கும், எல்லாம் இங்கிலிஷில். இலவசமாகச் செய்து கொடுக்கிற லோயர்களிடம் நீண்ட வரிசை. கடைசித் திகதி நெருங்கிவிட்டது. நான் சொன்னேன்: "இருபது வருசமா இந்த ஊரிலை இங்கிலிஷ் கதைக்கிறன். ஒரு அறிக்கை எழுத லோயர் என்னத்துக்கு? நான் எழுதித் தாறன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போய் விழுந்தேன். உதவி செய்கிற ஆசை பாதி. ரீச்சருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டுகிற ஆசை மீதி. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் கூடுதல்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் இருந்து எழுதினோம். அவர் தமிழில் சொல்ல நான் இங்கிலிஷில் எழுதுவேன். இரண்டாம் நாள் அவருடைய கணவனின் கதை வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ முகாம். ஒருநாள் பின்னேரம் விசாரணைக்கு என்று கணவனைக் கூப்பிட்டார்கள். வீட்டுக் குசினி வாசலில் நின்று, அவர் முகாம் வாசலுக்குள் நடந்து போனதை ரீச்சர் பார்த்தார். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. அவர் இங்கே வரவே இல்லை என்று முகாமில் சொன்னார்கள். ரீச்சர் விடவில்லை, நான் கண்டேன் என்று எல்லா இடமும் எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு ரீச்சரையே தேடி வரத் தொடங்கினார்கள். முழு வழக்கும் அவர் அதைக் கண்ணால் கண்டாரா இல்லையா என்பதில்தான் நின்றது.

"வெய்யில் கண்ணிலை குத்தினது தம்பி. கண்ணுக்கு மேலை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் பார்த்தனான். வெள்ளைச் சேட்டு. கேற்றுக்குள்ளை போகேக்கை ஒருக்காத் திரும்பினவர்."

சொல்லிவிட்டு வழக்கம்போல பேப்பர் துவாயில் சிலுவைக்கோடு. "முகாம் வாசலை மையமா வையும். அங்கையிருந்து எங்கடை வீடு வடகிழக்கு. நூற்றைம்பது மீற்றர்."

நான் எழுதினேன்: வீட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் வடகிழக்கில் முகாம் இருந்தது.

மையத்தை மாற்றிவிட்டேன். எல்லோரும் வீட்டிலிருந்துதானே திசை சொல்வார்கள் என்று என் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. முகாமிலிருந்து வீடு வடகிழக்கு என்றால், வீட்டிலிருந்து முகாம் தென்மேற்கு. நேர் எதிர்ப்பக்கம். மூன்றாம் நாள் தாள்களைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன்" என்றார். எழுத்து இங்கிலிஷை அவர் மெதுவாகத்தான் படிப்பார். கோர்ட்டுப் பேச்சும் லோயர்ப் பேச்சும் கலந்து நான் பெரிதாக எழுதியிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிய ஐந்து நிமிடம். "என்ன ரீச்சர், என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்றேன்.

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிசி சரிபார்க்காமல் விட்டதை நான் வேறு ஒருநாளும் காணவில்லை.

பிறகு நேர்முகம் நடந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்து எல்லாவற்றையும் அவர் தன் வாயால் சொன்னார், வெயில் கண்ணில் குத்தியது உட்பட. மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. பட்டறை வாசலில், யூட்டுக்குள் வைத்து என்னிடம் வாசிக்கத் தந்தார். நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நிராகரிப்பு. ஏன் என்று பதினெட்டாம் பந்தியில் போட்டிருந்தது. முகாம் வடகிழக்கில் இருந்தது என்று அறிக்கையில் இருக்கிறது. அப்படியானால் பின்னேர வெயில் விண்ணப்பதாரிக்கு முதுகுப் பக்கம்தான் பட்டிருக்கும். அவர் கண்ணில் குத்தியது என்கிறார். ஆகவே அவர் இந்தச் சம்பவத்தைக் கண்டார் என்பதை ஏற்க முடியவில்லை. தூரத்தைப் பொறுத்தவரை முரண்பாடு இல்லை என்றும் ஒரு வரி.

நான் நிறுத்திவிட்டேன். எனக்கு விளங்கிவிட்டது.

என் சேட்டுப் பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்தார். கடித உறையின் பின்பக்கம் சிலுவைக்கோடு கீறினார். கீழ் இடது கட்டத்தில் புள்ளி வைத்தார்.

"தூரம் சரி" என்றார். மற்றதைச் சொல்லவில்லை. பேனையை என்னிடம் தந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். ரோவில் வரைக்கும் அந்த அதிகாரியைத் திட்டினேன். மாட்டுக்குப் பிறந்தவன், ஏசி அறைக்குள் இருந்துகொண்டு வெயிலைப் பற்றிக் கதைக்கிறான், ஃபோனில் செய்மதிப் படத்தைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை, என்றெல்லாம். எல்லாம் சரியான ஏச்சுத்தான். அவன் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அந்தச் சத்தம் அவனுக்காகப் போட்டதல்ல. ரீச்சர் இறங்கும்போது "கவனமாப் போம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு வீட்டு வாசலில் யூட்டை நிறுத்திவிட்டு, நானே அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். முகாம் வாசல், ஒழுங்கை, வீடு. வடகிழக்கு. நூற்றைம்பதுக்கு ஒன்றிரண்டு மீற்றர் கூடக் குறைய. எழுதுகிற அன்றைக்கு நானும் அதைப் பார்த்திருக்கலாம்.

மறுபரிசீலனைக்குப் போடலாம் என்றார்கள். இந்தமுறை ஓர் இலவச லோயர் கிடைத்தாள். இளம் வெள்ளைக்காரப் பெண், நல்லவள். ரீச்சரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் ஃபோனை வைத்து, மொழிபெயர்ப்பாளரின் குரல் வழியாகப் பேசினார்கள்.

"இந்த அறிக்கையை இங்கிலிஷில் யார் எழுதியது?" என்று கேட்டாள். "வேறு யாராவது எழுதும்போது திசையை மாற்றி எழுதியிருந்தால் இப்போதே சொல்லுங்கள். அவரிடம் ஒரு சத்தியக் கடிதம் வாங்கி வைத்தால் வாதாடலாம்."

அதற்கு முதல் கிழமைதான் செல்வம் சொல்லியிருந்தான்: "லைசென்ஸ் இல்லாம விசா பேப்பர் எழுதிக் குடுத்தா உள்ள தூக்கி வெச்சுருவாங்கப்பா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்திருக்கு." அது உண்மையா, நான் செய்தது அதற்குள் அடங்குமா, ஒன்றும் நான் விசாரிக்கவில்லை. பயம் பிடிப்பதற்கு அது போதுமாக இருந்தது. ரீச்சருக்கு முதல் இன்னும் மூன்று பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லோரிடமும் பெருமை அடித்துமிருந்தேன்.

சுவரில் தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியே ஓடவேண்டும் என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனிலிருந்து கேள்வி இன்னொருமுறை தமிழில் வந்தது.

"நானேதான் எழுதினனான்" என்றார் ரீச்சர்.

லோயர் என்னைப் பார்த்தாள், பிறகு எழுதிக்கொண்டாள். விண்ணப்பதாரியின் இங்கிலிஷ் போதாது, தானாக எழுதியதால் வந்த பிழை என்று வாதம் போட்டாள். ரீச்சர் கீழே கையெழுத்து வைத்தார்.

மறுபரிசீலனைக்கு வந்த பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். விண்ணப்பதாரி பல ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவர், அப்படிப்பட்ட ஒருவர் திசையில் இப்படிப் பிழை விடுவார் என்று நம்ப முடியவில்லை. ஆகவே மறுபரிசீலனையும் இல்லை.

செல்வத்தின் இருபது தட்டுக்கும் ஒளிப்பில்லை என்று நின்ற மனிசி. எனக்காக ஒரு பிழையான விடையின் கீழே கையெழுத்து வைத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை அந்த ஒரு வரி.

வேலை செய்கிற அனுமதி நின்றதும் முதலாளியால் அவரை வைத்திருக்க முடியவில்லை. கடைசி நாளில் செல்வம் ஒரு கேக் வாங்கி வந்தான். "டீச்சர், நீங்க போனா எங்க தட்டையெல்லாம் யார் குத்தம் சொல்றது?" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு அன்றைக்கு எல்லோர்மீதும் கோபம், கேக்மீதும் கோபம். நான் சொல்லவேண்டிய ஒரு வசனம் இருந்தது. கேக்கைத் தின்றுவிட்டு மிசினுக்குப் போனேன்.

சிட்னிக்குப் போனார். டூங்கபியில் ஒரு மச்சாளின் வீட்டில் இருக்கிறார். கொஞ்சக் காலத்துக்கு ஒருமுறை நீட்டிக்கொடுக்கிற ஒரு தற்காலிகத் தாளில் ஓடுகிறது வாழ்க்கை. போன புதிதில் ஒருமுறை ஃபோனில், இடம் எப்படி என்று கேட்டேன். "வில்லாவுட் இங்கையிருந்து பத்துக் கிலோமீற்றர். தெற்கு, கொஞ்சம் கிழக்குப் பக்கம்" என்றார். அங்கேதான் தடுப்பு முகாம் இருக்கிறது. இடம் எப்படி என்று நான் பிறகு கேட்கவில்லை.

வருடங்கள் போய், சென்ற மாதம்தான் எனக்கு முதுகெலும்பு வந்தது. அமைச்சருக்கு நேரே விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். அறிக்கையை எழுதியவன் நான், மையத்தை மாற்றியவன் நான், கேட்டபோது வாயைத் திறக்காதவன் நான். செய்மதிப் படத்தை அச்சடித்து, முகாம் வாசலில் சிலுவைக்கோடு போட்டு, வீட்டில் புள்ளி வைத்தேன். மூன்று தரம் சரிபார்த்தேன். அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும் என்பதால் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டு டூங்கபிக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் உறை திரும்பி வந்தது. திறந்து பார்த்துவிட்டு உடனே ஃபோன் எடுத்தேன்.

"படம் சரி தம்பி. வடிவாக் கீறியிருக்கிறீர்" என்றார்.

"கையெழுத்து வைக்கேல்லையே ரீச்சர்."

"எப்பிடி வைக்கிறது? நானே எழுதினனான் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சது நான். இப்ப நீர் எழுதினது எண்டு அனுப்பினா நான் பொய்க்காரி எண்டு ஆகும். அதைத்தானே அவங்கள் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறாங்கள்? அவர் கேற்றுக்குள்ளை போனதும் பொய் எண்டு முடிச்சுப்போடுவாங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீது எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? இருந்தும் வந்தது. "அப்ப அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? யார் உங்களைச் சொல்லச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நான் உம்மைத்தான் பார்த்தனான்" என்றார். "நீர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்."

பின்னால் குக்கர் விசிலடித்தது. "சரி தம்பி, அடுப்பிலை வேலை, வைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கடிதம் கருவிகள் வைக்கிற என்னுடைய ரூல் பொக்ஸில், கல்குலேற்றருக்குக் கீழே கிடக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சின்னதாக ஒரு சரி போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அவருக்கென்று நான் விட்ட கோட்டில் ஒன்றும் இல்லை.